தனியாக வந்த கொக்கி

“அக்கா, என்னயப் பார்த்தாத் திருடி மாதிரியா இருக்கு?”

வாசலில் நின்றுகொண்டு ஒரு பெண் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? நான் அப்போதுதான் உளுந்த வடையில் முதல் கடி கடித்திருந்தேன். இந்த ஆபீசில் ஒரு வடையை நிம்மதியாகத் தின்ன எனக்குக் கொடுப்பினை இல்லை.

“உள்ள வாங்க. திருடிகளுக்கும் நாற்காலி போடுவோம்” என்றேன்.

பத்திரகாளி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். போலீசில் ஏட்டம்மாவாக இருந்த காலத்தில் அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்களாம். வேலையை உதறிவிட்டு, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் துப்பறியும் நிலையம் போட்ட பிறகு, அந்தப் பார்வை மொத்தமும் என் தலையில்தான் விழுகிறது. நான் மணிகண்டராஜ். உதவியாளர், ஸ்கூட்டர் ஓட்டி, வடை வாங்கி வருகிறவன்.

வந்தவள் பெயர் ஜெயக்கொடி. விருதுநகர் பஜாரில் பட்டறை வைத்திருக்கிறாள். முழு நகை செய்வதில்லை. சங்கிலிகளுக்குக் கொக்கி மட்டும். தங்கக் கம்பியை இழுத்து, தட்டி, வளைத்து, அரத்தால் ராவி, ஒவ்வொன்றையும் கையாலேயே செய்கிறாள். பஜாரில் பாதிக் கடைகளின் சங்கிலிகள் அவள் கொக்கி மாட்டித்தான் கழுத்துக்குப் போகின்றன. முப்பது வயதிருக்கும். அழுது கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

“லட்சுமிகாந்தம் அம்மாவத் தெரியும்லக்கா?”

தெரியாமலா? எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற அம்மாள். கணவர் போன பிறகு ஒண்டியாக நின்று கம்பெனியைக் காப்பாற்றியவர். அவர் இருமினால் கணக்கப்பிள்ளை எழுந்து நிற்பார்.

“முந்தாநாள் ஆயுத பூசை அன்னைக்கு அவுக கழுத்துல கெடந்த சங்கிலி கம்பெனியிலயே காணாமப் போயிருச்சு. அவுக வீட்டுக்காரர் போட்டது. அதுக்குக் கொக்கி மட்டும் நான் மாட்டினது. நேத்து பஜாருக்கே வந்து, நாலு பேர் பாக்க இந்தக் கொக்கியை என் முன்னாடி எறிஞ்சாக. ‘உன் கொக்கி தொறந்து சங்கிலி போயிருச்சு, கொக்கி மட்டும் என் சேலை மடிப்புல கெடந்துச்சு’ன்னு. அதோட விட்டாகளா? நான் வேணும்னே லூசா வச்சு, ஆளை விட்டு எடுக்கச் சொன்னேனாம்!”

நான் நகர்த்திய தண்ணீர் டம்ளரை அவள் தள்ளிவைத்தாள்.

“இன்னைக்குக் காலையில ஒவ்வொரு கடைக்காரரா வந்து, கொக்கி மாட்டக் குடுத்திருந்த சங்கிலி டப்பாவையெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாக. பட்டறை மேசை காலியாக் கெடக்கு. சாயங்காலம் நகைக்கடைச் சங்கத்துல கூடப் போறாக. எனக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு முடிவாச்சுன்னா அம்புட்டுதான். எந்த ஊருக்குப் போனாலும் திருடின்னு பேரு எனக்கு முன்னாடி போயி நிக்கும்.”

மேசைமேல் ஒரு கொக்கியை வைத்தாள். புளியங்கொட்டை அளவுகூட இல்லை. அதன் நாக்கை நகத்தால் அழுத்தித் திறந்தாள், மூடினாள். டிக் என்றது.

“இந்தச் சத்தம் மாட்டுறவ காதுக்குக் கேக்கணும். அதுக்காகத்தான் நான் ராவுறது. நகத்தை வச்சு அமுக்கினாத்தான் தொறக்கும். ரெடிமேடா விக்கிறதுன்னா தானாவே தொறந்துக்கிடும். ஸ்பிரிங் வச்சது, காந்தம் வச்சதுன்னு என்னென்னமோ வருது. கிட்டக் கொண்டுபோனா தானா ஒட்டிக்கிடுமாம். அதெல்லாம் ஒரு கொக்கியா?”

அக்கா கொக்கியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் தாயி, உன் கொக்கி தொறந்துக்கிச்சுன்னே வச்சுக்கிடுவோம். சங்கிலி கீழ விழும். கொக்கி எங்க போகும்?”

“அதுவும் சங்கிலியோடதான் போகும். ஒரு முனையைச் சங்கிலியோட சேத்து நெருப்புல ஊதி ஒட்டிருக்கேன்ல. இன்னொரு முனைதான…”

ஜெயக்கொடி பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அப்புறம் இது எப்படித் தனியா வந்துச்சு?” என்றார் அக்கா.

ஜெயக்கொடி கொக்கியைப் பறித்து, ஒட்டியிருந்த முனையைக் கண்ணருகே கொண்டுபோனாள். “வெட்டிருக்காக! கட்டர வச்சு நறுக்குன்னு வெட்டிருக்காக! நாலு பேர் முன்னாடி அசிங்கப்பட்ட ஆத்திரத்துல இதைப் பாக்கலையே நான்!”

“கேஸ் முடிஞ்சது. வடை ஆறிப்போச்சு” என்றேன்.

“இதைக் கொண்டுபோய்ச் சங்கத்துல காட்டினா, நீயே வெட்டிட்டு வந்து நடிக்கிறேன்னு சொல்வாக. சங்கிலி கைக்கு வரணும்லே. வண்டியை எடு” என்றார் அக்கா.

லட்சுமிகாந்தம் அம்மாளின் வீட்டில் நாங்கள் உட்கார்ந்த சோபா, என் ஆறு மாதச் சம்பளத்தை முழுங்கியிருக்கும். அம்மாள் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, ஒட்டுகிற பட்டை வைத்த செருப்பு, வெறுங்கழுத்து. பக்கத்தில் மகன் ராஜபாண்டியன்.

“அந்தப் பிள்ளை உங்களைப் பிடிச்சிருச்சாக்கும்” என்றார் அம்மாள். மேசைமேல் இருந்த கூப்பிடு மணியை விரல் முட்டியால் இடித்தார். குத்துச் சண்டைக்காரர் மாதிரி ஒரே இடி. பணக்காரர்கள் மணி அடிப்பதிலும் ஒரு தோரணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் பிரீத்தி காபி கொண்டுவந்தாள். எங்களுக்கு டம்ளர் ததும்ப. மாமியாருக்குப் பாதி டம்ளர். அம்மாள் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கி, சாமிக்குப் படைக்கிற மாதிரி உயர்த்திக் குடித்தார்.

“எங்கெங்க தேடினீக?” என்று கேட்டார் அக்கா.

“எல்லா இடத்துலயும்” என்றான் ராஜபாண்டியன். “ஷெட்டு, ஆபீசு, காரு, வாசல் மண்ணு வரைக்கும் சலிச்சுப் பார்த்தாச்சு. வேலைக்கு வந்த பிள்ளைகளே கூட நின்னு தேடுச்சுக. அம்மா ரெண்டு நாளாச் சாப்பிடல.”

“அவரு மொத மொத லைசென்சு வாங்கின வருசம் எடுத்துக் குடுத்தது” என்றார் அம்மாள். குரல் சட்டென்று இறங்கிப்போனது. “கழுத்தைத் தடவுறப்பல்லாம் வெறுமையா இருக்கு.”

அது நடிப்பில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“சமீபத்துல சங்கிலியை எங்கயாச்சும் ரிப்பேருக்குக் குடுத்தீகளாம்மா?”

“இல்ல.”

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. பிரீத்தியின் கையில் இருந்த தட்டு கிணுங்கியது. அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது போதும்.

“மருமகதான்க்கா” என்றேன், வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபடி. “மாமியாருக்கே பாதி டம்ளர் காபி குடுக்கிறவ, சங்கிலியை விட்டு வைப்பாளா?”

“நீ பாதி டம்ளரைப் பார்த்தியே, அது வரைக்கும் சந்தோசம்” என்றார் அக்கா. அவர் புகழ்கிறாரா திட்டுகிறாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

எம். புதுப்பட்டிக் கம்பெனி வாசலில் எங்களை மறித்தவர் வாட்ச்மேன் பலவேசம். மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் உயரம் இருக்கும். எங்கள் போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டார். தீப்பெட்டி இருக்கிறதா என்று என் சட்டைப் பையைத் தட்டினார். பிறகு சாவியைக் கேட்டார். நான் நீட்டினேன். அவர் கை அதைத் தொடுவதற்குள், அவர் அக்குளில் இடுக்கியிருந்த கம்பு சாவியைப் பிடுங்கிக்கொண்டது.

“யோவ்! கம்புக்குக் கை முளைச்சிருக்கா?”

பலவேசம் சிரித்தார். கம்பின் அடியில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தம். அதன்மேல் சிவப்புத் துணிப் பை. பைக்கு வெளியே என் சாவி.

“வர்ற காரு டயர்ல ஆணி வரும். பிள்ளைக தலையில ஊக்கு வரும். இரும்பு உரசுனா பொறி. இங்கன பொறி வந்தா நாம யாரும் வீடு போய்ச் சேர மாட்டோம். அதான் விடிஞ்சதும் வாசல் பூரா இதை வச்சுக் கூட்டிருவேன்.”

“ஒட்டினதை எப்படிப் பிரிப்பீக?” என்று கேட்டார் அக்கா.

பலவேசத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை போலிருக்கிறது. பையின் வாயைப் பிடித்து ஒரே புரட்டு. உள்பக்கம் வெளியே வந்தது. என் சாவி பைக்குள்ளே போய்விட்டது. காந்தம் சுத்தமாகத் தனியே நின்றது. “இப்படியே டிரம்முல கவுத்துருவேன். ஒவ்வொரு ஊக்கா யாரு பிச்சுக்கிட்டு இருக்க?”

கம்பின் தலையில் காய்ந்த சந்தனம் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூசையில இதையும் வச்சீகளோ?”

“வைக்காமயா? சல்லடை, தராசு, பித்தளைச் சுத்தி, கடைசியா என் காந்தம். மொதலாளியம்மாவே குனிஞ்சு குனிஞ்சு எல்லாத்துக்கும் சந்தனம் வச்சு, பூமாலை போட்டாக. குனியக் கஷ்டம்தான், இருந்தாலும் வேற ஆளை வைக்க விடமாட்டாக.”

“சங்கிலியைத் தேடினப்ப இதையெல்லாம் தூக்கிப் பார்த்தீகளா?”

பலவேசம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “என்ன தாயி இப்படிக் கேட்டுட்டீக! பூசையில வச்சதை அன்னைக்கே அசைப்பாகளா? மறுநாள் விடிஞ்ச பெறகுதான் எடுத்தேன். மாலையும் பூவுமா ஒட்டிக் கெடந்துச்சு, அப்படியே பையைப் புரட்டிட்டேன்.”

அக்கா அங்கிருந்த கல்மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் சிரித்தால் எனக்கு மட்டும் ஏதோ புரியவில்லை என்று அர்த்தம்.

“அம்புட்டு இடத்தையும் சலிச்சுப் பார்த்தவுக, தொடக் கூடாத இடத்தை மட்டும் விட்டுட்டாகலே மணி. டிரம்மு எங்க இருக்கு?”

“டிரம்மா? பழைய இரும்பு செந்தூர்பாண்டி இப்பத்தான் மூட்டையைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு ஆனைக்குட்டம் பக்கம் போறான்” என்றார் பலவேசம்.

பைக்குள் போன சாவியை நான் தோண்டி எடுப்பதற்குள் அக்கா ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சீசன் நேரம். ரோடெல்லாம் பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள். ஒவ்வொரு லாரியையும் தாண்டும்போது அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டார். நல்லவேளையாகச் செந்தூர்பாண்டிக்கு டீ தாகம் எடுத்திருந்தது. ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு டீக்கடை வாசலில் அவன் லோடு ஆட்டோ நின்றது.

“ஊக்குக்கும் ஆணிக்கும் போலீஸ் வருமா?” என்று மிரண்டான் அவன்.

“நாங்க போலீஸ் இல்ல, அதை விட மோசம்” என்றேன்.

மூட்டையைச் சாக்கின்மேல் கொட்டினோம். துருப்பிடித்த ஆணி, கொண்டை ஊசி, ஊக்கு, காய்ந்த செவ்வந்தி. நடுவில் ஒரு உருண்டை. சுற்றிலும் ஊக்கும் ஊசியும் குத்திட்டு, முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி இருந்தது.

“அது பிரியவே மாட்டேங்குது. அப்படியே எடைக்குப் போட்டுறலாம்னு விட்டுட்டேன்” என்றான் செந்தூர்பாண்டி.

அக்கா ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். உள்ளே மஞ்சளாக மின்னியது. பிறகு சரசரவென்று ஒரு சங்கிலி நீண்டது. அதன் இரண்டு முனையிலும் குட்டிக் குட்டியாக இரண்டு குமிழ்கள். பிரித்தால் பிரிந்தன, கிட்டக் கொண்டுபோனதும் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

“காந்தக் கொக்கி!” என்று கத்திவிட்டேன். “அப்ப ஜெயக்கொடியோட கொக்கியை வெட்டி எடுத்துட்டு இதை மாட்டிருக்கா! மருமகதான்னு நான் அப்பவே…”

“ஏலே, மூளையையும் அந்தப் பையில விட்டுட்டு வந்துட்டியா? கூப்பிடு மணியை அவுக எதால அமுக்கினாக?”

“முட்டியால.”

“டம்ளரை?”

“உள்ளங்கையில வச்சு…” எனக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது.

“செருப்புக்கு வார் மாட்ட வேண்டாம், ஒட்டினாப் போதும். அவுக விரல் மடங்கலை மணி. அதைப் பார்த்துட்டுத்தான் மருமக பாதி டம்ளர் ஊத்துறா, தளும்பிச் சுட்டுறக் கூடாதுன்னு. வாயைத் தொறந்து சொல்லவும் மாட்டேங்குறா. நகத்தை வச்சு அமுக்கித் தொறக்குற கொக்கியை அந்த விரல் என்ன செய்யும்? யாருக்கும் தெரியாம வெளியூர்ல போயி இதை மாத்திருக்காக. இது கனம், கழுத்துல முன்பக்கமா நழுவி வந்துரும். குனிஞ்சு சந்தனம் வைக்கையில பெரிய காந்தம் சின்னக் காந்தத்தைப் பிடுங்கிக்கிச்சு. உன் சாவியைப் பிடுங்கின மாதிரி.”

நான் மனதுக்குள் பிரீத்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

லட்சுமிகாந்தம் அம்மாளைத் தனியாகப் பார்த்தோம். அக்கா சங்கிலியை அவர் மடியில் வைத்தார். அம்மாள் அதை எடுக்கப் பார்த்தார், விரல்கள் நழுவின. பிறகு இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“மதுரையில மாத்தினேன்” என்றார் கடைசியில். “பழசை ஒரு பொட்டலத்துல மடிச்சுக் குடுத்தாக. சங்கிலி போனதும் எனக்கு ஒண்ணும் ஓடல, அந்தப் பழசைக் காட்டி அவ மேல பழியைப் போட்டுட்டேன். நான்தான் மாத்தினேன்னா, ஏன் மாத்தினீகன்னு கேப்பாக. விரலு மடங்கலைன்னு தெரிஞ்சா என் மகன், ‘போதும்மா, வீட்ல இருங்க’ன்னுருவான். நல்ல பையன்தான், அதனாலதான் பயமா இருக்கு. அந்தக் கம்பெனி வாசலை மிதிக்காம நான் எப்படி இருப்பேன்?”

“அதுக்கு அந்தப் பிள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளேம்மா” என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. ஏட்டம்மா பார்வையும் பார்க்கவில்லை. “சங்கத்துல நீங்க என்ன வேணா சொல்லுங்க. விரலைப் பத்திச் சொல்ல வேண்டாம். ஆனா அவ பேரு சுத்தமாகணும். இல்லைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

விருதுநகர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. நடுநாயகமாக மாணிக்கராஜ் அண்ணாச்சி. பஜாரிலேயே பெரிய நகைக்கடை அவருடையது. ஒரு மூலையில் ஜெயக்கொடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலை குனியவில்லை.

லட்சுமிகாந்தம் அம்மாள் மகனோடு வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். மதுரைக் கடைக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். பந்தயம் வேண்டுமானாலும் கட்டியிருப்பேன்.

அம்மாள் வலது கையை எல்லாரும் பார்க்கத் தூக்கினார்.

“இந்த விரலு மடங்காது. ரொம்ப நாளாவே மடங்கல. அந்தப் பிள்ளை செஞ்ச கொக்கியை என்னால தொறக்க முடியல, அதனால வெட்டி எடுத்துட்டு வேற மாட்டினேன். சங்கிலியைத் தொலைச்சது நான் மாட்டின கொக்கி. அவ கொக்கி இல்ல. தப்பு பூரா என்னோடது.” ஜெயக்கொடியைப் பார்த்தார். “பொய் சொல்லிட்டேன் தாயி. மன்னிச்சிரு.”

ராஜபாண்டியன் அந்தக் கையையே பார்த்தான். “அம்மா… ஏன்மா எங்கிட்ட…”

“அப்புறம் பேசிக்கிடுவோம்.”

கூட்டம் முழுக்க ஜெயக்கொடியைத்தான் பார்த்தது. அழுவாள், அல்லது காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போல. அவள் விறுவிறுவென்று நடந்து அம்மாளிடம் போனாள்.

“கையைக் கொண்டாங்க.”

அதட்டல்தான். அந்த அம்மாளை அதட்டிப் பேசிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன். ஜெயக்கொடி ஒவ்வொரு விரலாகப் பிடித்து, எதுவரை மடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று அசைத்துப் பார்த்தாள்.

“நான் கொக்கிக்கு அளவெடுக்க வந்தப்ப இதைக் காட்டுறதுக்கு என்ன?”

“நீ கழுத்தைத்தான தாயி பார்த்த?”

ஜெயக்கொடி சங்கிலியை வாங்கிக்கொண்டு எதிரே இருந்த தன் பட்டறைக்குப் போய்விட்டாள். எல்லாருக்கும் டீ வந்தது. எனக்கு வடையும் வந்தது, முழுசாகத் தின்றேன். பட்டறையிலிருந்து சுத்தியல் சத்தமும், அரம் ராவுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

அவள் திரும்பி வந்தபோது சங்கிலியின் ஒரு முனையில் அகலமாக ஒரு வளையம், இன்னொரு முனையில் சின்னதாக ஒரு கோல். அழுத்த வேண்டாம், கிள்ள வேண்டாம். வளையத்துக்குள் கோலை நுழைத்து விட்டால் அது குறுக்கே படுத்துக்கொள்ளும், வெளியே வராது.

அம்மாள் இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். வளையத்தை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு, கோலைத் தேடினார். ஒரு தடவை தவறியது. இன்னொரு தடவையும் தவறியது. ராஜபாண்டியனின் கை தானாக அம்மாவின் பிடரிக்குப் போனது.

“கையை எடுலே.”

அவன் எடுத்துக்கொண்டான். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கோல் உள்ளே போனது. சங்கிலியை முன்னால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார், கண் நிறைந்திருந்தது.

“நாளைக்குக் கம்பெனிக்குக் காரை எத்தனை மணிக்கும்மா எடுக்கச் சொல்ல?” என்று கேட்டான் ராஜபாண்டியன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ஜெயக்கொடி மூக்கை உறிஞ்சினாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

“என்ன பார்த்துக்கிட்டு இருக்கீக? காலையில யாரு யாரு எம் பட்டறையில இருந்து டப்பாவைத் தூக்கிட்டுப் போனீகளோ, அவுகவுக கையாலயே கொண்டாந்து மேசையில வைக்கணும். ஆளை விட்டு அனுப்புனா வாங்க மாட்டேன்.”

மாணிக்கராஜ் அண்ணாச்சிதான் முதல் ஆளாக எழுந்து தம் கடைக்கு நடந்தார். நடந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஓடினார்.